சின்ன ர, பெரிய ற

ஒரு நாளைக்கு மூன்று வீடு ஏறி இறங்க வேண்டும். மூன்றிலும் இல்லை என்று சொன்னால், அந்த இல்லையைப் பத்திரமாக எழுதிக்கொண்டு வர வேண்டும். இதற்குச் சம்பளம் கொடுக்கிற அரசாங்க வேலையும் இருக்கிறது என்று டீச்சர் தன் சித்தியிடம் சொன்னபோது, "தப்பித் தவறி வீடு கிடைச்சுட்டா என்னடி பண்ணுவே?" என்று சித்தி கேட்டாள்.

"கிடைக்காது சித்தி. அதுக்குத்தானே எங்களை அனுப்புறாங்க."

அந்த நகரத்தை ஆறு இரண்டாக வெட்டியிருந்தது. நடுவில் ஒரே ஒரு பாலம். ஆபீஸ், ஆஸ்பத்திரி, பெரிய பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு பக்கம். மற்றப் பக்கத்துக்கு அக்கரை என்றே பெயர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடத் தங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு "நாங்க அக்கரை" என்றுதான் சொல்வார்கள். பாலம் தாண்டி வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்களின் பழைய முகவரியை விசாரித்து, அக்கரை என்று தெரிந்ததும் நாசூக்காக அனுப்பிவிடுவதற்கு ஊரில் ஒரு சொல் இருந்தது: அக்கரை பார்ப்பது. அது குற்றம் என்று சட்டம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. யாரும் பார்ப்பதை நிறுத்தவில்லை. வாய்விட்டுச் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் வீட்டு உரிமைத் துறை ஜோடிகளை அனுப்பியது. ஒரு வீட்டுக்கு முதலில் அக்கரை ஜோடி போகும். இரண்டு மணி நேரம் கழித்து இக்கரை ஜோடி போகும். வயது, சம்பளம், ஒரு குழந்தை எல்லாம் இரண்டு ஜோடிக்கும் ஒன்றே. பழைய முகவரி மட்டும் வேறு. வெளியே வந்த ஒரு மணி நேரத்துக்குள் கணவன் தனியாக, மனைவி தனியாக, வீட்டுக்காரர் சொன்னதை வார்த்தை மாறாமல் பேனாவால் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். அடித்துத் திருத்தக் கூடாது. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது.

டீச்சர் அக்கரையில் பிறந்து, இந்தப் பக்கம் சித்தி வீட்டில் தங்கிப் படித்தவள். பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை பார்த்தாள். வேலை போன பிறகும் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. துறையின் அக்கரை ஜோடியில் அவளுக்குப் புருஷனாக வாய்த்தவன் கண்டக்டர். பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க மெஷின் வந்ததும் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, இப்போதும் நிற்கும்போது கால்களை அகட்டித்தான் நிற்பான், தரை எந்த நிமிஷமும் நகர்ந்துவிடும் என்பதுபோல.

வீடுகளுக்குள் அவள் அவனை "என்னங்க" என்பாள். அவன் "ஏம்மா" என்பான். தெருவுக்கு வந்ததும் மறுபடி கண்டக்டர், டீச்சர். சில நாள் தெருமுனை வரைக்கும் "என்னங்க" நீண்டுவிடும். இருவரும் கவனிக்காத மாதிரி நடப்பார்கள்.

குழந்தையும் வளர்ந்தது. துறை கொடுத்த தாளில் "பெண், வயது நான்கு" என்று மட்டும்தான் இருந்தது. "சுவத்துல கிறுக்குவாளா?" என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டபோது, "காகிதத்துல மட்டும்தாங்க. அதுவும் மீன் மட்டும்தான் வரைவா" என்று கண்டக்டர் சொல்லிவைத்தான். அடுத்த வீட்டில் டீச்சர் அந்த மீனுக்கு மீசை வைத்தாள். மழைக்காலம் வந்தபோது பாப்பாவுக்கு லேசான இருமல்கூட இருந்தது. இல்லாத பிள்ளைக்கு ஸ்வெட்டர் வாங்கலாமா என்று கடை வாசலில் ஒரு நாள் இருவரும் நின்று பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

சிரிக்காத விஷயம் ஒன்று நடுவில் இருந்தது. பயிற்சியின் முதல் வாரத்தில், பார்த்த வீட்டைப் பற்றி எல்லோரும் பலகையில் எழுத வேண்டும். கண்டக்டர் எழுதினான்: "இரண்டு அரை உள்ள வீடு."

"ரெண்டு அரை சேர்ந்தா ஒண்ணாச்சே கண்டக்டர். ஒரு அறை வீட்டுக்கா இவ்வளவு வாடகை?" என்றாள் டீச்சர். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் அவன் காது மடல்கள் சிவந்ததை அவள் பார்த்தாள். அன்று பஸ்ஸில் பாலம் தாண்டும்போது அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தப்புன்னா சொல்லுங்க டீச்சர். கத்துக்கிறேன். நாலு பேர் முன்னாடி மட்டும் வேண்டாம்."

அதிலிருந்து தனியாகத்தான் சொன்னாள். பஸ் நிறுத்தத்தில், டீக்கடையில், அவன் நோட்டில் எழுதிக்காட்டுவான். அவள் விரலை மட்டும் எழுத்தின் மேல் வைப்பாள். அவன் திருத்துவான். விரல் வைக்காமல் அவள் பக்கத்தைப் புரட்டினால் எல்லாம் சரி என்று அர்த்தம். இந்த இரண்டு எழுத்து மட்டும் கடைசி வரை அவனுக்குப் பிடிபடவில்லை. "காதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தானே கேக்குது? அந்த அறைக்கு அப்புறம் சந்தேகம் வந்தா பெரிய றவே போட்டுடுறேன். பெரிசாப் போட்டா யாரும் சிரிக்க மாட்டாங்கல்ல" என்பான்.

வானம் கறுத்திருந்த ஒரு மத்தியானம் அவர்கள் போனது ஒரு புகாரின் பேரில். புகார் கொடுத்தவளை ஆபீசில் எல்லோரும் லேப் அக்கா என்பார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. அவளுடைய அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அக்கரையில் அவர்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கிழவர் தரையில் கால் வைத்துப் பதினான்கு மாதம். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் தரைத்தளத்தில் ஒரு வீடு காலி என்று லேப் அக்கா போய்க் கேட்டாள். இரண்டு தடவை ஏதோ காரணம் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை துறைக்கு வந்தாள். வழக்கு ஜெயித்துவிட்டால் வீட்டை அவளுக்கே கொடுக்கச் சொல்லி உத்தரவு போட முடியும். ஆனால் ஒரு ஜோடிக்கு இல்லை, இன்னொரு ஜோடிக்கு உண்டு என்கிற வித்தியாசம் மட்டும் போதாது. காரணம் வீட்டுக்காரர் வாயிலிருந்தே வந்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் முடிச்சு அங்கேதான் இருந்தது.

வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி. தண்ணீர் கொடுத்தாள், மின்விசிறியைப் போட்டாள். சமையலறை, குளியலறை, பின்பக்கத்து வாசல் எல்லாம் காட்டினாள். வாசலில் படியே இல்லை. சக்கர நாற்காலி நேராக உள்ளே உருளும். டீச்சர் அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

"லவ் மேரேஜா?" என்று கேட்டாள் வீட்டுக்காரம்மா.

தாளில் இதற்குப் பதில் இல்லை. டீச்சர் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் சொன்னான். "இவங்கதாங்க எனக்கு எழுத்து சொல்லிக் குடுத்தாங்க. முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் பேனாவைப் பிடிச்சாலே பயம். இப்ப இவங்க பக்கத்துல இருந்தா தப்பு வந்துடுமோன்னு கை நடுங்குறதில்ல."

வீட்டுக்காரம்மா சிரித்தாள். டீச்சருக்குத் தம்ளரைக் கீழே வைக்க இடம் தெரியவில்லை.

பிறகு பழைய முகவரி வந்தது. கண்டக்டர் சொன்னான். வீட்டுக்காரம்மாவின் முகம் மாறவில்லை. மின்விசிறியை மட்டும் எழுந்து அணைத்தாள்.

"என்னம்மா பண்றது. நாங்க அக்கரை பாத்துத்தான் குடுக்குறது. தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள்.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லியிருந்தார். தெருவுக்கு வந்ததும் கண்டக்டர் வேகவேகமாக நடந்தான். "அக்காவுக்கு வீடு கிடைச்சாச்சு" என்று மட்டும் ஒரு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டான்.

மழை பிடித்துக்கொண்டது. வழக்கமாகத் தெருவின் இரண்டு கோடியில் உட்கார்ந்து எழுதுவார்கள். அன்று நனையாத இடம் பஸ் நிறுத்தத்தின் ஒரே பெஞ்ச்தான். அவள் எழுதி முடித்து உறையை ஒட்டிவிட்டு நிமிர்ந்தாள். அவன் தொடையில் அட்டையை வைத்துக்கொண்டு, நாக்கு நுனியை உதட்டோரம் துருத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தான். பார்க்கக் கூடாது. கண் போய்விட்டது.

*அக்கறை பாத்துத்தான் குடுக்குறது.*

பெரிய ற.

அவள் விரல் மடியில் ஒரு தடவை அசைந்தது. விதி கூடாது என்றது. அது மட்டும் என்றால் அவள் மீறியிருப்பாளோ என்னவோ. சற்று முன்தான் அவன் கை நடுங்குவதில்லை என்று சொல்லியிருந்தான். அந்தக் கையின் மேல் இந்த நிமிஷம் போய் விரல் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு எழுத்துத்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று மழையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவன் உறையை நாக்கால் நனைத்து ஒட்டினான்.

பார்த்தார்கள். வீட்டுக்காரம்மாவின் வக்கீல்தான் முதலில் பார்த்தார்.

விசாரணைக்கு முந்தின நாள் துறையின் மேடம் இருவரையும் அழைத்தார். "எழுதத் தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க கண்டக்டர். நீங்க எழுதின இருபத்தாறு அறிக்கை வேற வேற வழக்குல இருக்கு. எல்லாம் விழுந்துடும். மழை, அவசரத்துல எழுதினேன்னு சொல்லுங்க. போதும்."

விசாரணை அறை சின்னது. நீள மேசை, ஆறு நாற்காலி, சத்தம் போடும் ஒரு கடிகாரம். டீச்சர் முதலில் சாட்சி சொல்லிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தாள். தான் கேட்டது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அக்கரை என்றாள். தன் தாளில் சின்ன ர இருப்பதைக் காட்டினாள். லேப் அக்கா இரண்டாவது நாற்காலியில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாள். வேலை உடுப்பிலேயே வந்திருந்தாள்.

வக்கீல் கண்டக்டரிடம் தாளைக் கொடுத்தார். "நாலாவது வரி. படிங்க."

"நாங்க அக்கரை பாத்துத்தான் குடுக்குறது."

"இது எந்த ர-ங்க?"

"ரன்னா... ர-தாங்க."

யாரோ சிரித்தார்கள். "சின்ன ரவா, பெரிய றவா?"

"பெரிய ற."

"பெரிய ற போட்ட அக்கறைன்னா பொறுப்பு, கவனம். வீட்டைப் பொறுப்பாப் பாத்துக்கிறவங்களுக்குத்தான் குடுப்பேன்னு எங்க கட்சிக்காரம்மா சொன்னாங்க. உங்களுக்கு அப்புறம் வந்த பொண்ணு உள்ள நுழைஞ்சதும் குழாய் ஒழுகுதான்னு திறந்து பாத்தாங்களாம். அதைப் பாத்துட்டுத்தான் அவங்களுக்குச் சரின்னு சொன்னாங்க. நீங்க கேட்டதைக் கேட்ட மாதிரி எழுதியிருக்கீங்க. உங்களுக்கு நன்றி."

"அப்புறம் எதுக்குத் தப்பா நினைச்சுக்காதீங்கன்னு சொல்லணும்?" என்று துறையின் வக்கீல் எழுந்தார்.

"உங்களுக்குப் பொறுப்பு போதாதுன்னு ஒருத்தர் முகத்துக்கு நேரே சொன்னா, அப்படித்தானே ஐயா சொல்வோம்?"

துறையின் வக்கீல் கண்டக்டர் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு மழை, இல்லையா?"

"மழைங்க..." என்று தொடங்கிய கண்டக்டர் நிறுத்தினான். லேப் அக்காவின் கையைப் பார்த்தான். பையின் வார் அவள் விரல்களில் முறுக்கிக்கொண்டிருந்தது.

"மழையால இல்லீங்க. எனக்கு இந்த ரெண்டு எழுத்தும் எப்பவுமே குழப்பம். நான் படிச்ச காலத்துல எங்க பக்கம் அஞ்சாவதோட பள்ளிக்கூடம் முடிஞ்சது. அந்தம்மா சொன்னது எங்க ஊரைத்தான். காது கேட்டது அதைத்தான். கைதான் தப்பா எழுதிடுச்சு."

மேடம் கண்களை மூடிக்கொண்டார். வக்கீல் ஒரு வெள்ளைத்தாளை மேசையில் நகர்த்தினார். குரலில் கடுமையே இல்லை. "சரி. ஆற்றங்கரைன்னு எழுதுங்க, பாப்போம்."

கண்டக்டர் பேனாவை எடுத்தான். எடுத்துக்கொண்டு டீச்சரைத் தேடினான். அவள் பார்வையை மடிக்குத் தாழ்த்திக்கொண்டாள். பார்த்தால் சாடை காட்டியதாக ஆகிவிடும். கடிகாரச் சத்தம் கேட்டது. அவன் எழுதினான். வக்கீல் தாளை உயர்த்திக் காட்டினார். ஆற்றங்கறை. ஆற்றின் மேல் யாரோ மையைக் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது.

ஒரே அறையில் ஒரே சொல்லைக் கேட்ட இருவர் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள், காது இரண்டையும் பிரித்தறியாது, ஆகவே சந்தேகத்தின் பலன் வீட்டுக்காரருக்கு என்று பத்து நாள் கழித்து முடிவு வந்தது. அந்த வாரமே தரைத்தள வீட்டில் யாரோ திரைச்சீலை மாட்டிவிட்டார்கள்.

லேப் அக்கா திட்டியிருந்தால் தேவலை. ஆபீஸ் வாசலில் கண்டக்டரைப் பார்த்து, "விடுங்க தம்பி. உள்ளதைச் சொன்னீங்க. அந்த இடத்துல அதைச் சொல்றதுக்கும் ஒரு இது வேணும்" என்றாள். பிறகு ரத்தம் எடுக்கும் நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

துறை சும்மா இருக்கவில்லை. இனிமேல் இப்படி நடக்கக் கூடாதென்று, ஜோடியாகப் போகிற எல்லோருக்கும் சொல்வதெழுதுதல் தேர்வு என்று சுற்றறிக்கை வந்தது. நடத்தித்தர டீச்சரையே கேட்டார்கள். அவள் முன்னால் நின்று "கரை" என்றாள். அக்கரையிலிருந்து வந்த ஒரு பெண் பேனாவோடு நிமிர்ந்து, "எந்தக் கரை டீச்சர்?" என்று கேட்டாள். அக்கரையிலிருந்து வந்த பதினான்கு பேரில் பதினோரு பேர் தோற்றார்கள். மீதி மூன்று பேரை வைத்துக்கொண்டு ஜோடி சேர்ப்பது எப்படி என்று துறை யோசித்துக்கொண்டிருக்கிறது. கண்டக்டர் தேர்வுக்கு வரவே இல்லை.

அவன் எங்கே போகிறான் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாலம் தாண்டிப் போனாள். லேப் அக்காவின் வீட்டுப் படிக்கட்டில், கைப்பிடி வைத்த மர நாற்காலியில் கிழவரை உட்கார்த்தி, வேட்டித்துணியால் இடுப்பைச் சேர்த்துக் கட்டி, கண்டக்டர் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமுமாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாராவாரம் இது நடக்கிறது. அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"நீங்க விடுங்கக்கா. நான் பிடிக்கிறேன்" என்றாள் டீச்சர்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலியை இறக்கிவைத்து நின்றார்கள். அக்கா துணி எடுக்க மேலே போயிருந்தாள். கிழவர் கண்ணை மூடியிருந்தார். சுவரில் ஈரம் படம் படமாகப் பூத்திருந்தது.

"பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டான் கண்டக்டர்.

டீச்சர் சிரிக்க முயன்றாள். முடியவில்லை. "அன்னிக்கு பெஞ்ச்ல உங்க தாளை நான் பாத்தேன். பெரிய ற இருந்துச்சு. பாத்துட்டு, சொல்லாம திரும்பிக்கிட்டேன். சொல்லியிருந்தா இவர் இப்ப கீழ் வீட்டுல இருந்திருப்பார்."

அவன் உள்ளங்கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிச் சுற்றினான். கோபம் வரட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"நீங்க பாத்ததை நானும் பாத்தேன் டீச்சர்" என்றான் மெதுவாக. "அந்த எழுத்துக்கிட்ட வந்ததும் எனக்கே சந்தேகம். பேனாவைத் தூக்கிட்டேன். சின்னதா, பெரிசான்னு. எப்பவும் போலப் பெரிசாப் போட்டேன். நீங்க எட்டிப் பாத்தது கண்ணோரத்துல தெரிஞ்சுது. விரல் வைக்கல. முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க. அப்போ சரியாத்தான் இருக்கும்னு ஒட்டிட்டேன்."

கீழே தெருவில் ஒரு பஸ் பாலத்துக்குத் திரும்பும் சத்தம் கேட்டது. டீச்சர் ஈரச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

கிழவர் கண் திறந்து, நல்ல கையால் கீழே காட்டினார். நேரமாகிறது.

இறக்கினார்கள். ஆற்றோரம் வரை தூக்கிக்கொண்டு போய், செருப்பைக் கழற்றி அவருடைய இரண்டு காலையும் மண்ணில் வைத்தார்கள். ஒரு கால் தானாகக் கொஞ்சம் அசைந்தது. அரை மணி நேரம் மூவரும் தண்ணீருக்கு அந்தப் பக்கம் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஜன்னல்களில் பாதிக்கு மேல் அவர்கள் இருவரும் புருஷன் பெண்டாட்டியாக ஏறி இறங்கியவை. இங்கிருந்து பார்க்கும்போது எது எது என்று தெரியவில்லை.

திரும்பிப் படிக்கட்டுக்கு வந்தபோது கண்டக்டர் சொன்னான்: "ஏறும்போது கீழ்ப் பக்கம்தான் பாரம். நீங்க மேல் பக்கம் பிடிங்க."

டீச்சர் கீழ்ப் பக்கத்துக்குப் போய், குனிந்து, நாற்காலியின் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டாள்.

"தூக்குங்க" என்றாள்.